தேய்மானம்

பி.காம்.ல தேய்மானம்னு ஒரு பாடம் வரும். மெஷின் வாங்குன விலையில வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கழிச்சிக்கிட்டே வந்தா கடைசியில ஒண்ணுமில்லை. கணக்குப் புத்தகத்துல அதோட கதை முடிஞ்சது. இந்தப் பாடம் நடக்கும்போதெல்லாம் எனக்கு குன்னூர் லோகோ ஷெட்தான் ஞாபகம் வரும். எங்கப்பா அங்க பிட்டர்.

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் ஊட்டி ரயிலைப் பின்னாடி இருந்து தள்ளிட்டு வர்றது நீராவி எஞ்சின். (குன்னூருக்கு மேல டீசல். அதைப் பத்தி எங்க வீட்டுல பேச்சே கிடையாது!) கல்லாறு தாண்டினா 12 அடிக்கு 1 அடி ஏத்தம். வெறும் சக்கரம் வழுக்கிடும். அதனால தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இரும்புப் பட்டை, அதைக் கடிச்சு ஏற எஞ்சினுக்கு அடியில பல்சக்கரம். கீழ் சிலிண்டர் ரெண்டுலயும் வேலை செஞ்ச ஸ்டீமே மேல் சிலிண்டருக்குப் போய் பல்சக்கரத்தையும் சுத்தணும். ஒரே ஸ்டீமுக்கு டபுள் டியூட்டி, ஓவர்டைம் கிடையாது.

அப்பாவுக்குத் தேய்மானம்னா அந்தப் பல்லு தேயறதுதான். குழிக்குள்ள இறங்கி, டார்ச் அடிச்சு, விரலால தடவிப் பார்ப்பார்.

பாய்லர் கழுவுற நாள்தான் மோசம். நெருப்பை அணைச்சு, ஆறவிட்டு, பிளக்கெல்லாம் கழட்டி, தண்ணி பீச்சி உள்ள படிஞ்ச உப்பை வெளிய தள்ளணும். திரும்பப் பத்த வச்சா ஸ்டீம் ஏற மணிக்கணக்கா ஆகும். அவசரப்பட்டா இரும்பு ஒரே சீரா விரியாம குழாய் ஒழுகும். மேனேஜ்மென்ட் பாடத்துல வர்ற 'நேரத்தை மிச்சப்படுத்து' இங்க செல்லாது.

ஸ்பேர் பார்ட்டும் கடையில கிடைக்காது. சுவிட்சர்லாந்துல இருந்து இந்த எஞ்சின் வந்தது 1952-ஓட சரி. 2011-ல இருந்து திருச்சி பொன்மலையில புதுசா கட்டினாங்க, அதுவும் பழைய மாதிரியிலேயே.

அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறார். என்னை ஷெட்ல சேருன்னு ஒருநாளும் சொன்னதில்லை. சேராதேன்னும் சொன்னதில்லை. இப்போ ஐ.டி.ஐ. முடிச்ச ரெண்டு பசங்க வந்திருக்காங்க. அவங்க கையைப் பிடிச்சு பல்லு மேல வச்சு, "இது ஓடும், இது ஓடாது"ன்னு சொல்லித் தர்றார். "அளந்து பார்க்க கேஜ் இருக்கே, எதுக்கு விரல்?"னு கேட்டேன். "கேஜை எடுக்கணுமான்னு விரல்தாண்டா சொல்லணும்"னார்.

ஒருத்தனுக்கு விரல் பழகிடுச்சாம். இன்னொருத்தன் பேங்க் எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருக்கான்.