காட்டிக் கொடுத்த பெயர்

கோடை விடுமுறை மறைக்கல்வி வகுப்பில் ஒரு நண்பகல். பிள்ளைகள் உணவுக்குக் கலைந்த பின்பும் கோவில் வேப்பமரத்தடியில் ஒரு சிறுவன் மட்டும் கைப்பேசியில் மூழ்கிக் கிடந்தான். பீடச்சிறுவர்களில் சற்றுச் சூட்டிகையானவன். கண்டிக்கும் எண்ணத்துடன்தான் அருகே சென்றேன். அவனோ திரையை மறைக்காமல், “நீங்களும் பாருங்கள் சாமி” என்று நகர்ந்து இடம் கொடுத்தான்.

அது ஒரு கற்பனை உலகம். அங்கே அரசன் உண்டு. படையும் சுங்கச் சாவடியும் உண்டு. எல்லைப்புறக் காட்டில் சட்டத்திற்குப் புறம்பான கூட்டம் ஒன்றும் உண்டு. வரிப்பணம் ஏற்றிவரும் வண்டிகளை மறித்துப் பிழைப்பவர்கள் அவர்கள். ஆடுகிறவர் அரசன் பக்கமும் சேரலாம், அக்கூட்டத்திலும் சேரலாம். கூட்டத்தில் சேர்ந்தவனுடைய தலைக்கு விலை வைக்கப்படும். ஊருக்கு ஊர் காவலர் துரத்துவர். ஆனால் அபராதத்தைக் கட்டிவிட்டால் அவன் பெயரிலுள்ள குற்றமெல்லாம் ஒரு நொடியில் அழிந்துபோகுமாம்!

“நீ எந்தப் பக்கமடா?”

“கூட்டத்தில்தான் சாமி.”

“திருடர்களோடா?”

“அவர்கள் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்க மாட்டார்கள் சாமி. காட்டிக் கொடுத்தவனை மறுபடி சேர்க்கவே மாட்டார்கள். ராஜா பக்கத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது.”

கண்டிக்கச் சென்றவன் வாயடைத்துத் திரும்பினேன். காட்டிக் கொடுத்தல் என்ற சொல் நம் புதுக்கோட்டை மண்ணில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய சொல் அன்று.

வரலாறு அறிந்ததே. 1798 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன், நிலுவைக் கிஸ்தி தொடர்பாகக் கலெக்டர் ஜாக்சனை இராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்கே மூண்ட கைகலப்பில் கம்பெனியின் லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். விசாரித்த கம்பெனிக் குழுவே கட்டபொம்மன்மீது குற்றம் காணவில்லை. பதவி இழந்தவர் ஜாக்சன்தான். ஆனால் ஓராண்டுக்குள் காற்று மாறி அடித்தது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையை விட்டு வெளியேறிய இரவிலிருந்து கட்டபொம்மன் பாளையக்காரர் அல்லர், தேடப்படும் கலகக்காரர். அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். எஞ்சிய சிலருடன் வடக்கே வந்த கட்டபொம்மன், நம் திருக்களம்பூருக்கு அருகே கலியபூர்க் காட்டில் ஒளிந்திருந்தார்.

அங்கேதான் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16ஆம் நாள், மற்றப் பாளையக்காரர்கள் வரவழைக்கப்பட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க, கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கம்பெனிக்கு ஆற்றிய சேவைகளுக்காகப் புதுக்கோட்டைக்கு 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் கிடைத்தன. அதற்குக் கப்பம் ஆண்டுக்கு ஒரு யானை. அந்த யானையைக் கம்பெனி ஒருமுறையேனும் கேட்டு வாங்கியதில்லை. 1836இல் அதையும் முறைப்படி தள்ளுபடி செய்துவிட்டது.

தொண்டைமானைப் பழிப்பது எளிது. கர்நாடகப் போர்க் காலத்திலிருந்தே அவருடைய முன்னோர் கம்பெனியின் நட்பில் இருந்தவர்கள். நட்பை மீறியிருந்தால் பாஞ்சாலங்குறிச்சிக்கு நேர்ந்தது புதுக்கோட்டைக்கும் நேர்ந்திருக்கலாம். 1948 வரை இது தனிச் சமஸ்தானமாக நீடித்ததற்கு அந்த நட்பே காரணம். கட்டபொம்மனும் குறைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். அவருடைய ஆட்கள் அண்டைப் பாளையங்களில் புகுந்து கொள்ளையிட்டதாகப் புகார்கள் உண்டு. ம.பொ.சி. அவரை விடுதலை வீரராகப் போற்றி நூல் எழுதினார். தமிழ்வாணனோ அவரைக் கொள்ளைக்காரன் என்றே தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பிய 1974ஆம் ஆண்டில்தான் நம் புதுக்கோட்டை மாவட்டமும் பிறந்தது. சிவாஜி கணேசன் நடித்த படம் 1959இல் வெளிவந்தபோது, வெளியூர்க் கொட்டகையில் அதைப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் “திருச்சிப் பக்கம்” என்று சொல்லிச் சமாளித்ததாக எங்கள் பங்கின் முதியவர் ஒருவர் இன்றும் சிரித்துக்கொண்டே கூறுவார்.

விவிலியத்திலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. சவுலுக்கு அஞ்சி அதுல்லாம் குகையில் ஒளிந்த தாவீதிடம் கடன்பட்டோரும் ஒடுக்கப்பட்டோரும் மனம் கசந்தோருமாக ஏறக்குறைய நானூறு பேர் வந்து சேர்ந்தார்கள் என்று சாமுவேல் முதல் நூல் கூறுகிறது. அரசனின் கணக்கில் அவர்கள் கலகக்காரர்கள். பின்பு கெயிலா என்னும் ஊரைப் பெலிஸ்தியரிடமிருந்து தாவீது மீட்டுக் கொடுத்தார். சவுல் படையோடு வருகிறான் என்று கேட்டதும், இவ்வூரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா என்று ஆண்டவரிடம் வினவினார். கொடுப்பார்கள் என்றே விடை வந்தது. கெயிலா மக்கள் தீயவர்கள் என்று மறைநூலில் எங்கும் சொல்லவில்லை. அவர்கள் பயந்தவர்கள், அவ்வளவே.

நான் தொண்டைமானையும் கெயிலா ஊராரையும் இவ்வளவு பொறுமையோடு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், இம்மாவட்டத்தின் வறண்ட பகுதியொன்றில் ஒரு சிறிய பங்கில் இருந்தேன். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு இரவில் கோவில் உண்டியல் உடைக்கப்பட்டது. விசாரணைக்கு வந்த காவலர் வழக்கம்போல், “யார்மேலாவது சந்தேகம் உண்டா சாமி?” என்று கேட்டார். கண்மாய்க் கரையில் குடியிருந்த ஒரு குடும்பத்தின் தகப்பன் முன்னொரு காலத்தில் சிறை சென்று வந்தவர். அவருடைய மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் திருடினான் என்று நான் சொல்லவில்லை. அவன் பெயரை மட்டும் சொன்னேன்.

இரண்டு இரவு அவனை வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். திருவிழா முடிவதற்குள் திருப்பூருக்குப் பேருந்து ஏறிவிட்டான்.

தவக்காலத்தில் உண்மை வெளிப்பட்டது. உண்டியலை உடைத்தவர் ஊரில் மதிப்புள்ள குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். பணம் திரும்பி வந்தது. வழக்கு வேண்டாம், குடும்ப மானம் போய்விடும் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள், சம்மதித்தேன். அந்தப் பெயரை இன்றுவரை நான் வெளியிட்டதில்லை. கண்மாய்க் கரைப் பையனின் பெயரைச் சொல்வதற்கோ எனக்கு அரை நிமிடம் கூடத் தேவைப்படவில்லை.

அவனுடைய தாய் கோவிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் அதன் பிறகு கடைசித் தூணுக்கு அப்பால்தான் உட்காருவார். நற்கருணை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

சென்ற ஆண்டு திருப்பூரில் ஒரு திருமணத்துக்குச் சென்றவன், விசாரித்துக்கொண்டு அவன் வீட்டிற்குப் போனேன். பனியன் கம்பெனியில் தையல் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். தேநீர் கொடுத்தான். என் தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “விடுங்கள் சாமி, நான் இங்கே பிழைத்துக்கொண்டேன். ஊர் பார்க்கத்தான் என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் இல்லை என்பதையும் ஊர் கேட்கச் சொல்லியிருக்கலாம். அம்மா அங்கேதானே இருக்கிறார்கள்” என்றான்.

அபராதத்தைக் கட்டினால் பெயர் சுத்தமாகும் என்று வேப்பமரத்தடியில் அந்தச் சிறுவன் கூறியபோது எனக்கு நினைவு வந்தது இதுதான். ஓராண்டாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே அந்தப் பங்கின் இப்போதைய தந்தைக்குக் கடிதம் எழுதினேன். வரும் திருவிழாப் பாடற்பலியில், மறையுரைக்குப் பின் எனக்கு ஐந்து நிமிடம் தருமாறு கேட்டிருக்கிறேன். அந்தத் தாய்க்கு எழுபது வயது கடந்துவிட்டது. காதும் சற்று மந்தம். அன்று அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கும்படியும் எழுதியிருக்கிறேன்.