மயிர்க்கூட்டுப் புரை

நோய்களுள்ளும் சொல்லத் தகுந்தவை, தகாதவை என இருவகை உண்டு. வாலெலும்பின் மேல், பிட்டப் பிளவினுள் தோன்றிய சிறு துவாரத்தைப் பற்றி, வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் செல்லும் மாணவன் எவரிடம் உரைப்பான்? ஒருபுறம் சாய்ந்தே அமர்ந்து சென்றேன். வீட்டார் மூலம் என்றனர். ஆச்சி கருணைக்கிழங்கு சமைத்தார்.

உதிர்ந்த உரோமம் தோலைத் துளைத்து உட்புகுந்து சீழ்கொள்ளும் புரை அது. 1880இல் பொஸ்ரன் வைத்தியர் ஹொட்ஜஸ் அதற்கு 'மயிர்க்கூடு' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். இரண்டாம் உலகப்போரில், குலுங்கும் வண்டிகளிற் சென்ற அமெரிக்கப் படையினர் பலரை வருத்தியமையால் 'ஜீப் நோய்' என்றும் வழங்கிற்று. எங்கள் வீதிகளிற் பயணித்தோர்க்கு அப்பெயர் வியப்பளிக்காது.

புரையை அகற்றி நடுக்கோட்டிலேயே தைத்தால், அப்பள்ளத்தில் வியர்வையும் உரோமமும் மீண்டும் சேரும், நோயும் திரும்பக்கூடும். கிரேக்க இராணுவ வைத்தியர் கரிடாக்கிஸ் 1973இல் வெளியிட்ட முறை வேறு. அயற்றோலையும் கொழுப்பையும் இரத்தவோட்டம் அறாதபடி மடலாக உயர்த்தி, மறுபக்கம் இழுத்துத் தைப்பர். பள்ளம் ஆழங் குறையும். "தழும்பை நடுவில் விடக்கூடாது, தம்பி," என்றார் எனக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்.

வீட்டில் குப்புறப் படுத்திருந்த நாட்களில், நலம் விசாரித்தோர்க்கு மறையாது காரணம் சொன்னேன். சிலர் சிரித்தனர். அவருள் ஒருவர் மறுநாள் தனியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, தமக்கும் அவ்விடத்தில் நெடுநாளாய் ஒரு துவாரம் உண்டென்றார்.