இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதே பாட்டு

சென்ற விடுமுறையில் ஒரு நாள் மாலை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எம்மிடம் எமது மூத்த மகள் வந்து, "அப்பா, இரண்டு பாட்டுப் போடுகிறேன், எது நல்லது என்று சொல்லுங்கோ" என்றாள். கேட்டால் இரண்டும் ஒரே பாட்டு, பாடியவரும் ஒருவரே. முதலாவது 2002 இல் வெளிவந்த 'ஹிக்காரி'. மற்றையது அதனையே அவர் மீளப் பாடி 2024 இல் வெளியிட்டது. யப்பானிய மொழி நாம் அறியோம். ஆயினும் இரு குரல்களுக்குமிடையே ஏதோ நடந்திருக்கின்றது என்பதை உணர மொழி வேண்டியிருக்கவில்லை.

பாடியவர் உத்தடா ஹிக்காரு. 1983 இல் நியூயோர்க் நகரிற் பிறந்தவர். தாயார் பூஜி கெயிக்கோ, 'என்கா' எனப்படும் சோகந் தோய்ந்த பாடல்களால் 1970 அளவில் யப்பானெங்கும் புகழ்பெற்ற பாடகி. பிள்ளையோ 1998 டிசெம்பரில், பதினைந்து வயதில், 'ஓட்டோமற்றிக்' என்னும் பாட்டுடன் அறிமுகமானார். மறு ஆண்டு வந்த 'பேர்ஸ்ற் லவ்' என்ற அல்பம் யப்பானில் மட்டும் 70 இலட்சத்திற்கு மேல் விற்பனையாயிற்று.

இருபத்தைந்தாண்டு நிறைவையொட்டி 2024 ஏப்பிரலில் வெளியானது 'சயன்ஸ் பிக்சன்', இருபத்தாறு பாடல்கள். பழைய பாட்டைத் திரும்பவும் விற்கும் வியாபாரம் என்று நாம் வாய்விட்டே சொல்லிவிட்டோம். மகள் விடவில்லை. மூன்றை மட்டுமே அவர் புதிதாகப் பாடியிருக்கிறார் என்றாள். 'ஓட்டோமற்றிக்' போன்றவற்றிற்கு வெறும் றீமிக்ஸ்தான். ஒலிப்பதிவுக் கூடத்திற் குரலும் வாத்தியங்களும் தனித்தனித் தடங்களிற் பதியப்படுகின்றன. அத்தடங்கள் பேணப்பட்டிருந்தால், கால் நூற்றாண்டின் பின்னும் ஒன்றைத் தணித்து இன்னொன்றை உயர்த்தலாம். பதினைந்து வயதுக் குரல் அவ்வாறே இருக்கும்.

'ஹிக்காரி' என்றால் ஒளி. பாடியவரின் இயற்பெயரை எழுதுவதும் அதே சித்திர எழுத்தினால்தான். பத்தொன்பது வயதிற் பாடியது. பின்னர் 2010 இல் பாடுவதை நிறுத்தி, 2013 இல் தாயை இழந்து, 2016 இலேயே மீண்டு வந்தார். தாயை நினைந்து அவ்வாண்டிற் பாடிய பாட்டொன்றும் இவ்வல்பத்தில் உண்டு. முதற் குரல் எதையோ எட்டிப் பிடிக்க ஓடுகின்றது. நாற்பதைத் தாண்டிய குரல் ஓடவில்லை. நாற்பதுகளில் இருக்கும் எமக்கு இரண்டாவதே பிடித்தது, மகளுக்கு முதலாவது.

"அப்பாச்சியின் தாலாட்டையும் போடுங்கோ" என்றாள் திடீரென்று.

2007 இல் இவளைத் தொட்டிலிலிட்டு எமது தாயார் பாடியது அது. ஓர் ஒலிநாடாவில் இருக்கின்றது. தாயார் இன்றில்லை. தகரக் கூரையில் மழை, பிள்ளையின் அழுகை, அம்மாவின் குரல் யாவும் ஒரே தடத்தில். மழையைத் தணித்தால் அம்மாவும் தணிந்துவிடுவாரோ என்ற அச்சத்தால் எவரிடமும் திருத்தக் கொடுத்திலோம். நாடா தேய்ந்துவிடுமென்று நாமும் கேட்பதில்லை. அவளையும் கேட்க விட்டதில்லை. பதினேழு ஆண்டுக்கு மேலாக அவளுடைய தாலாட்டை அவளுக்கே ஒளித்து வைத்திருந்தோம்.

அன்று போட்டோம். இரைச்சலினூடே அம்மா பாடினார். இடையிற் பாட்டை நிறுத்தி, பாலைச் சூடாக்கும்படி யாரிடமோ சொன்னார். பிறகு விட்ட அடியிலிருந்து தொடர்ந்தார். மகள் ஒலிபெருக்கியோடு காதை வைத்திருந்தாள்.

நாடா முடிந்ததும், "நான் பாடிப் பார்க்கட்டோ, அப்பா?" என்றாள்.

நாம் மறுமொழி கூறாது, அலுமாரியின் மேலிருந்த சுருதிப்பெட்டியை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தோம்.