எதிருரை இல்லாத வழக்கு

பாகப் பிரிவினை வழக்குகளிலேயே என் தொழில் வாழ்க்கை கழிந்தது. ஆனால் என் மனதை விட்டு அகலாதது நான் ஆஜராகாத ஒரு வழக்கு. 900 ஆண்டுகளுக்கு முன் போலந்தில் அண்ணன் ஸ்பிக்னியெவுக்கும் தம்பி மூன்றாம் போலெஸ்வாஃபுக்கும் நடந்தது அது.

தந்தை விளாதிஸ்வாஃப் ஹெர்மன் கோமகன். மூத்தவனின் தாயோடு அவருக்கிருந்த உறவைத் திருச்சபை மணமாக ஏற்கவில்லை. பையனைத் துறவியாக்க சாக்சனியிலுள்ள மடத்துக்கு அனுப்பினார்கள். பிற்பாடு பிரபுக்கள் நெருக்கவே, தந்தையே அவனை மகனாக ஏற்று, தான் உயிரோடிருக்கும்போதே நாட்டில் பங்கும் கொடுத்தார். 1102இல் அவர் இறந்ததும் வடக்கு அண்ணனுக்கு, தெற்கு தம்பிக்கு என்றானது. தகப்பன் அறிந்து கொடுத்த பாகத்தைப் பிறப்பைச் சொல்லிப் பறிக்க முடியாது. அண்ணனுக்காக நான் நின்றிருந்தால் இதுதான் என் முதல் வாதம்.

தம்பி பறித்தார். துரத்தப்பட்ட அண்ணன் ஜெர்மானிய மன்னர் ஐந்தாம் ஹென்றியிடம் போனார். 1109இல் ஹென்றி, பாதி நாட்டை அண்ணனுக்குக் கொடு என்று படையோடு வந்து, குவோகுஃப் கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்றார். அந்நியப் படையை அழைத்து வந்தது கனமான குற்றம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகுதான் தம்பி அவரைத் திரும்பிவர அனுமதித்தார். பொறுத்து அழைத்த பின் பழைய குற்றத்துக்குத் தண்டனை ஏது?

மிஞ்சுவது ஒரே குற்றச்சாட்டு: முன்னால் ஒருவர் வாளேந்தி நடக்க, வாத்தியம் முழங்க, ஆள வருபவரைப் போல நுழைந்தார் என்பது. அதற்காக, 1112 வாக்கில் அவர் கண்களைப் பறித்தார்கள்.

இதற்குச் சாட்சி யார்? காலஸ் என்று நாம் அழைக்கும், பெயர் தெரியாத வரலாற்றாசிரியர். தம்பியின் அரசவையில் இருந்து எழுதியவர். கண்ணைப் பறித்ததை அவர் வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. வாக்குக் கொடுத்து வரவழைத்துக் கண்ணைப் பறித்தார்கள் என்று எழுதியவர் பிராகா நகரத்துக் காஸ்மாஸ். ஸ்பிக்னியெவ் தரப்பிலிருந்து ஒரு வரிகூட இல்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நிரந்தரமாக்கி விட்டார்கள்.

சம்பவத்துக்குப் பிந்தைய நடத்தையும் சாட்சியம்தான். போலெஸ்வாஃப் 40 நாள் நோன்பிருந்தார், ஹங்கேரிக்குப் புனிதப் பயணம் போனார், க்னியெஸ்னோ ஆலயத்துக்குப் பொன் பேழை செய்து கொடுத்தார். இதை எழுதி வைத்தவரும் அதே காலஸ்தான். நான் இதைக் குற்ற ஒப்புதலாகவே நீதிமன்றத்தில் குறியிடக் கேட்பேன்.