ஒளி, ஒலி, ஓர் ஒப்புதல் படிவம்

மொழியியல் மாணவருக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசியின் வழியாக மட்டும் அறிமுகமாவதில்லை. பேச்சொலிகளைக் கண்ணால் காணும் குறிகளாக எழுதும் முறையை 1867இல் நூலாக்கியவர் அவருடைய தந்தை. அதைக்கொண்டு காதுகேளாதோருக்குப் பேச்சுப் பயிற்றியவர் மகன். அந்த மகன்தான் 1880இல், விட்டுவிட்டுப் பாயும் சூரிய ஒளி பட்டால் மெல்லிய தகடு ஒலி எழுப்புவதைக் கண்டறிந்தார். இன்றைய ஒளியொலிப் படமாக்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

உடலுக்குள் புகும் ஒளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலேயே சிதறித் திசையிழக்கிறது. ஒலி அவ்வளவு சிதறுவதில்லை. ஆகவே சில நானோநொடிகளே நீளும் லேசர் துடிப்பை உள்ளே செலுத்துகிறார்கள். குருதியின் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி, இம்மியளவு சூடேறி விரிகிறது. ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெப்பம் ஏறினாலே ஏறத்தாழ 800 பாஸ்கல் அழுத்தம் பிறக்கும். அது மீயொலியாக வெளிவர, தோல்மேல் வைத்த உணரிகள் அதைப் பிடிக்கின்றன, கணினி படமாக்குகிறது.

மார்பகக் கட்டிகளை இம்முறையில் ஆராயும் ஒரு குழுவின் ஒப்புதல் படிவம், தமிழ் வடிவைச் சரிபார்க்க என்னிடம் வந்தது. ‘ஒளியைச் செலுத்தி ஒலியைப் பதிவுசெய்வோம்’ என்றிருந்தது. இலக்கணக் குறை ஏதுமில்லை. எழுத்தறியாத ஓர் அம்மாவுக்கு உரக்க வாசித்தபோது, “ஏம்மா, ஒரே சொல்லை ரெண்டு தரம் படிக்கிற?” என்றார். லகர ளகர வேறுபாடு பலர் பேச்சில் மங்கிவிட்டது. அவர் ஒப்புதலோ காதால் கேட்டுத் தரவேண்டியது. ‘வெளிச்சம்’, ‘சத்தம்’ என்று மாற்றினோம். “சத்தம் காதுக்குக் கேட்குமா?” என்றார். கேட்காது என்றொரு வரி சேர்ந்தது. ‘கதிர்’ என்ற சொல்லையும் நீக்கினோம். எக்ஸ்ரே பற்றிய அச்சம் அதில் ஒட்டியிருக்கிறது, இங்கோ அயனியாக்கும் கதிர்வீச்சே இல்லை.

ஒரு வரி மட்டும் இன்னும் முடியவில்லை. தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும். கருந்தோலில் மேற்பரப்பிலேயே வலுவான சைகை எழுந்து ஆழத்தில் உள்ளதை மறைக்கக்கூடும். பல்ஸ் ஆக்சிமீட்டர் கருந்தோலினரிடம் ஆக்சிஜனை மிகுத்துக் காட்டுவதை 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டிய பிறகு, இதைச் சொல்லாமல் ஒப்புதல் வாங்குவது முறையன்று. ஆனால் ‘நல்ல நிறம்’ என்றாலே வெளுப்பு எனப் பொருள்கொள்ளும் மொழியில் எப்படிச் சொல்வது? ‘தோல் வெளிச்சத்தை அதிகம் பிடித்துக்கொண்டால், எங்கள் கருவிக்கு உள்ளே சரியாகத் தெரியாமல் போகலாம்’ என்பது இப்போதைய வரைவு. குறை கருவியுடையது என்று கேட்பவருக்குப் புரிய வேண்டும். இதனினும் நல்ல தொடர் தோன்றினால் கீழே எழுதுங்கள்.