காரமடையில் கனுப்பிடி

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-ம் வருஷம் போட்ட ரயில் பாதையில் இருக்கிறது காரமடை. மாசித் தேரன்று ஜனசமுத்திரமாக விளங்கும் அவ்வூரைத் தை மாதக் குளிரிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். வடக்கே நீலகிரி, பனிக்குள் மறைந்து நிற்கும். வாசல்தோறும், போகியன்று வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துச் செருகிய காப்பு வாடாமல் இருக்கும்.

அரங்கநாதர் கோயிலுக்கு அருகில் என் அத்தையின் வீடு. கனுச்சீர் கொடுப்பதற்காகப் போயிருந்தேன். பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில், ஸ்நானத்துக்கு முன்பே, அத்தை மொட்டைமாடியில் மஞ்சள் இலைகளைப் பரப்பி, மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகச் சாத உருண்டைகளை வரிசையாக வைத்தாள். உடன்பிறந்தோர் க்ஷேமத்துக்காகப் பெண்கள் காக்கைக்கு இடும் கனுப்பிடி இது.

இவ்வழக்கம் எவ்வாறு பிறந்தது? காக்கை பிதுர்க்களின் உருவம் என்பார்கள் பெரியோர்கள். ஆனால் சங்க காலத்தில் காக்கைக்குச் சோறிட வேறொரு காரணமும் இருந்தது. காக்கையைப் பாடியதனாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற நச்செள்ளையாரின் குறுந்தொகைப் பாட்டில், பிரிந்து போன தலைவன் வீடு திரும்புகிறான். அவன் வரவை முன்னறிவித்துக் கரைந்த காக்கைக்கு எவ்வளவு நெய்ச்சோறு இட்டாலும் தகும் என்கிறாள் தோழி. அங்கே காக்கை, வருகிறவர்களின் தூதன்.

நமது தேசத்தின் மறுகோடியில், இமயமலைச் சாரலான குமாவூனிலும் மகர சங்கராந்தியை ஒட்டிக் காக்கைக்குத்தான் விருந்து. குழந்தைகள் கோதுமைமாப் பணியாரங்களை மாலையாகக் கோத்துக் கழுத்தில் அணிந்து, காக்கையைக் கூவி அழைத்து ஊட்டுகிறார்கள். கடல் கடந்த நார்வேயில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பறவைகளுக்கென்று ஓட்ஸ் கதிர்க்கட்டை வீட்டு வாசலில் நிறுத்துகிறார்கள். அங்கே பனி மூடி இரை அருகும் காலம். இங்கே களம் நிறையும் காலம். இரண்டிடத்திலும் மனிதன் தன் தானியத்தில் பறவைக்கு ஒரு பங்கு வைக்கிறான்.

அத்தைக்கு உடன்பிறந்தவர் என் தகப்பனார் ஒருவரே. அவர் காலமாகி மூன்று வருஷங்களாகின்றன. தயங்கித் தயங்கிக் கேட்டேன்:

"அத்தை, இப்போது யாருக்காக வைக்கிறீர்கள்?"

"முன்னே அவனுக்காகக் காக்காய்க்கு வைத்தேன். இப்போ அவனுக்கே வைக்கிறேனடா, அப்பா" என்றாள் அத்தை.

மாடிச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் ஓசைப்படாமல் கீழே இறங்கினோம்.