மவாத் என்று நான் சொன்ன நிலம்



விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருப்பது எங்கள் மஹல்லா. அதன் மையவாடிக்குப் பின்புறம் வக்ஃபுக்குச் சொந்தமான நான்கு ஏக்கர் செம்மண் நிலம் உண்டு. நினைவு தெரிந்த நாள் முதல் அதனைக் 'காடு' என்றே அழைத்து வந்தோம். ஆனால் காடு என்று சொல்லத்தக்க அடர்த்தி அங்கு என்றுமே இருந்ததில்லை. ஏழெட்டுப் பனைகள், இடையிடையே வேம்பு, வெள்வேல், நுணா, இலந்தை, காரை, ஆவாரம் புதர்கள், எஞ்சிய இடமெல்லாம் புல். சித்திரையில் காய்ந்து வைக்கோல் நிறமாகும். ஐப்பசி மழைக்குப் பச்சையாகும்.

2017ஆம் ஆண்டு ஒரு ஜும்ஆவில் அந்த நிலத்தைப் பற்றி நான் பயான் செய்தேன். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்தில், அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழியை எடுத்துரைத்தேன். ஃபிக்ஹில் 'மவாத்' என்றொரு பாடம் உண்டு. யாரும் பயன்படுத்தாத, இறந்துகிடக்கும் நிலத்தை உயிர்ப்பிப்பதைப் பற்றியது. நம் மையவாடிக்குப் பின்னால் கிடப்பது மவாத் அல்லவா, அதை உயிர்ப்பிக்க வேண்டாமா என்று கேட்டேன். சொந்தக் குரலில் சொந்தக் கேள்வி எப்போதும் இனிமையாகத்தான் கேட்கும்.

ஜமாஅத்தார் என் சொல்லை ஏற்றனர். ஜேசிபி வந்து இரண்டு நாட்களில் நான்கு ஏக்கரையும் வழித்தெடுத்தது. பனைகளை மட்டும் விட்டுவைத்தோம். சவுக்குக் கன்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் சேர்ந்த பணம் இரண்டு ஏக்கருக்கே போதுமானதாக இருந்தது. மக்தப் பிள்ளைகள் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கன்றுகளை நட்டார்கள். மற்ற இரண்டு ஏக்கரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

சவுக்கு எங்கள் மண்ணுக்குப் பழகிய மரம். மரக்காணம் பக்கம் கடலோர மணல் முழுவதும் அதுதான். வெளிநாட்டிலிருந்து வந்து, 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாகப் பயிரிடப்பட்டது. இன்று சாரம் கட்டவும் பந்தல் போடவும் காகித ஆலைக்கும் போகிறது. எங்கள் சவுக்கு நான்கே ஆண்டுகளில் மூன்றாள் உயரம் தாண்டியது. 2021இல் வெட்டி விற்றோம். அந்தப் பணத்தில் மத்ரஸா உஸ்தாதுகளுக்கு ஏழு மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டது. என் சம்பளமும் அதில் அடக்கம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். உடனே இரண்டாம் முறையும் நட்டோம்.

பக்கத்து இரண்டு ஏக்கரை அதுவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜேசிபி மேலே இருந்ததைத்தான் எடுத்திருந்தது. கீழே வேர்கள் இருந்தன. முதல் மழைக்குப் புல் வந்தது. அடுத்த ஆண்டு நுணாவும் வேம்பும் வேரிலிருந்து துளிர்த்தன. ஆவாரை பூத்தது. பறவை எச்சத்திலிருந்து நாங்கள் பெயர் அறியாத சில செடிகளும் வந்தன. ஒரு குடம் நீர்கூட நாங்கள் ஊற்றவில்லை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கல்லூரியில் தாவரவியல் படிக்கிறார். சென்ற ரமளான் விடுமுறையில், அஸருக்குப் பின் கடப்பாரையுடன் என்னை அங்கு அழைத்துச் சென்று, இரண்டு பக்கமும் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினார். சவுக்குத் தோப்பில் மேலே உதிர்ந்த சருகு மெத்தை போல் கிடந்தது. அதற்குக் கீழே உழுது புரட்டிய வெளிறிய செம்மண். புல் முளைத்த பக்கத்தில் மண் சற்றுக் கறுத்து, நூல்நூலாக வேர் பின்னி, உதிர்த்தாலும் உதிராமல் கட்டியாக வந்தது. "ஹஜ்ரத், சவுக்கு தன் சேமிப்பை மேலே வைத்திருக்கிறது, இது கீழே வைத்திருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகின்றேன். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்தே மரம் அதைச் சேர்க்கிறது. அந்த வகையில் நான்கு வயதுச் சவுக்கு, தரைக்கு மேலே, பக்கத்துப் புதரைவிட அதிகமாகவே சேர்த்திருக்கும். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய பின் அது எங்கே போகிறது? விறகாகப் போனது அடுப்பிலேயே காற்றாகிவிடும். காகிதமும் சாரக் கம்பும் சில ஆண்டுகள் தாங்கும். மீண்டும் நட்டால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். உழும்போது மண்ணிலிருப்பதும் கொஞ்சம் போகும். உலகில் காற்றிலும் தாவரங்களிலும் சேர்த்து உள்ள கரிமத்தைவிட மண்ணில் உள்ளது அதிகமாம். இதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. புல்வெளியில் தீப் பட்டாலும், ஆடு மேய்ந்தாலும் அந்த இருப்பு பெரும்பாலும் கீழேயே இருக்கும்.

2019இல் 'நேச்சர்' இதழில் சைமன் லூயிஸ் முதலிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். 'பான் சவால்' என்னும் உலகத் திட்டத்தில் நாடுகள் மீட்பதாக வாக்களித்த நிலத்தில் 45 விழுக்காடு வணிகத் தோப்புகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இயற்கைக் காடாக மீளவிட்டால் தோப்பைவிடச் சுமார் 40 மடங்கு கரிமம் தங்கும் என்பது அவர்கள் முடிவு. அது மழை மிகுந்த வெப்ப மண்டலக் காடுகளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு; எங்கள் நான்கு ஏக்கருக்கு அந்த 40ஐ அப்படியே கொண்டுவந்து ஒட்டக்கூடாது. சுழற்சியாக வெட்டப்படும் தோப்பு சேமிப்பாகாது என்ற அளவில் மட்டும் அது எங்களுக்கும் பொருந்தும்.

மரம் நடுவதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். எங்கள் மாவட்டத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968இல் அது தொடங்கப்பட்டபோது மேல்மண் அரித்துப்போன, ஓடை ஓடையாகப் பிளந்த செம்மண் மேடு. அங்கே வேரும் இல்லை, விதையும் இல்லை. கரை கட்டி, கன்று நட்டு, மண்ணையே மீட்க வேண்டியிருந்தது. எங்கள் நிலத்தில் எல்லாம் இருந்தன. எனக்குத்தான் அவற்றின் பெயர் தெரியவில்லை. வெள்ளையர் வரிக்கணக்கில் வருவாய் தராத நிலத்தைத் தரிசு என்று எழுதினார்கள். நான் அதே நிலத்தை அரபியில் மவாத் என்றேன். பொருள் ஒன்றுதான்.

இதில் எனக்கு அதிக வெட்கம் தருவது வேறொன்று. மையவாடியின் பசும்புல்லையும் செடியையும் அறுப்பது மக்ரூஹ் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் உண்டு; காய்ந்ததை அகற்றலாம். பசுமையாக இருக்கும்வரை அது தஸ்பீஹ் செய்கிறது என்பது அவர்கள் கூறும் காரணம். இதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஜேசிபிக்கு வழிகாட்டி முன்னால் நடந்தவனும் நானே. கபர்களைத் தொடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் வேலிக்கு இந்தப் பக்கம் தஸ்பீஹ், அந்தப் பக்கம் தரிசு என்று பிரித்த அறிவு எனக்கு எங்கிருந்து வந்தது?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மூன்று வயதுச் சவுக்கில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. கிடைத்த விலைக்குத் தள்ளினோம். பக்கத்தில் இரண்டு வேப்பங்கிளைகள் முறிந்ததோடு சரி. மறுவாரம் ஆடு மேய்க்க வந்த மூதாட்டியிடம், சவுக்குப் பக்கமும் இனி மேய்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "சவுக்குக்குக் கீழ ஆடு என்னத்த பாய் மேயும்?" என்று சிரித்தார்.

இந்த ரஜப் மாதக் கூட்டத்தில் நான்கு ஏக்கரிலும் சவுக்கு நடுவது என்ற பேச்சு எழுந்தது. நான் எழுந்து, 2017இல் நான் சொன்னது பிழை, முளைத்த இரண்டு ஏக்கரையும் விட்டுவிடுங்கள், மற்றதில் நடுங்கள் என்றேன். நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை 'ஹிமா'வாகக் காத்ததையும் நினைவூட்டினேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வயதில் மூத்த ஒருவர், "ஹஜ்ரத், புல்லு முளைச்சா உங்க சம்பளத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. வக்ஃபு ஓர் அமானத். அதன் வருமானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். என்னிடம் பதில் இல்லை. நுங்கு, பனங்கிழங்கு, வேப்பங்கொட்டை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதச் சம்பளம்கூடத் தேறவில்லை. அதையும் உள்ளபடியே எழுதி முத்தவல்லியிடம் கொடுத்திருக்கின்றேன்.

முடிவு ஷஅபானில் கூடும்போது எடுக்கப்படும், இன்ஷா அல்லாஹ். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. தானாக முளைப்பதெல்லாம் இந்த மண்ணுக்குரியது அல்ல. அந்த இரண்டு ஏக்கரில் சீமைக்கருவேலங் கன்றுகள் தலைகாட்டியுள்ளன. விட்டால் புல்லை மூடிவிடும். ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் மக்தப் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றேன். மண்ணில் ஈரம் இருக்கும்போதுதான் அவை வேரோடு வரும்.